எங்கள் வேலி ஆடாதொடை

எங்கள் குவார்ட்டர்ஸின் வேலி முழுக்க ஆடாதொடை. நான் நட்டதில்லை. எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் நட்டு வளர்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். டவுன்ஷிப்பில் ஆடுகளும் மாடுகளும் யாருடையவை என்றே தெரியாமல் பிளாக் பிளாக்காக மேயும். செம்பருத்தி வைத்தால் மறுநாள் குச்சிதான் நிற்கும். இந்தச் செடியை மட்டும் அவை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவு கசப்பு. அவர் இதை வேலியாக வைத்தது ஆட்டுக்காகத்தான், மருந்துக்காக அல்ல. அது மருந்து என்பதை நானே கண்டுபிடித்தது போலப் பல வருடங்கள் நடந்துகொண்டேன்.

மாவிலை போல நீண்ட இலை, கொஞ்சம் மென்மை. வெள்ளைப் பூ, அதன் உள்ளே ஊதாக் கோடுகள். இருமல், சளி, இழுப்பு, தொண்டைக்கட்டு என்று நெஞ்சுக்கு மேலே வருகிற எல்லாவற்றுக்கும் இது கேட்கும். இலைச்சாற்றைத் தேனில் குழைத்துக் குழந்தைகளின் நாக்கில் தடவுவார்கள். பெரியவர்களுக்கு இலையை நறுக்கிப் போட்டு, தண்ணீர் கால் பங்காகச் சுண்டும்வரை காய்ச்சிக் கஷாயம். இழுப்புக்காரர்கள் காய்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்திருக்கிறார்கள். வாழைத்தார் பழுக்க வைக்கும்போது இந்தத் தழையைப் போட்டு மூடினால் பூச்சி அண்டாது. நடவுக்கு முன்பு சேற்றில் தழையுரமாகவும் மிதிப்பார்கள். மருந்துக்கடையில் விற்கும் ஒரு வகை இருமல் மருந்துகூட இந்த இலையின் சத்தைப் பார்த்துப் பிறந்ததுதான். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். படித்ததோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

கொரோனா சமயத்தில் ஆடாதொடைக்கு ஒரு மவுசு வந்தது. எனக்கும் வந்தது. காலையில் நடக்கப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று இலை கேட்டார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு பார்க்கிற என்னிடம் அதுவரை யாரும் எதையும் நின்று கேட்டதில்லை. கன்வேயர் நின்றுபோனால் கேட்பார்கள், அது வேறு விதமான கேள்வி. இலையின் குணங்களைச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். சில நாள் கழித்து அதே குரல், முன்னால் யாரோ ஒருவரின் பக்திப் பாட்டோடு, ‘சித்தர்கள் மறைத்த ரகசியம்’ என்ற தலைப்பில் எனக்கே ஃபார்வர்டு ஆகி வந்தது. முழுவதையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பறிக்க வருகிறவர்களில் பெண்கள் இருந்தால் என் மனைவி கேட் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பாள். சிலர் சிரிப்பார்கள், சிலர் தலையாட்டுவார்கள். பக்கத்து வீட்டுக் கதைகள் என்று நினைத்துக்கொள்வேன். பெண்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் போய் நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

இந்த வேலியைப் பற்றி இப்போது எழுதக் காரணம் வேறு. போன ஐப்பசி மழையில் என் மகள் இருமலோடு சென்னையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். அவள் வயிற்றில் அப்போது கரு இருந்தது, இரண்டு மாதம் தாண்டியிருந்தது. இருமல் எனக்குத் தெரியும், காதால் கேட்டேன். கரு தெரியாது. அவளுக்கும் அவள் கணவருக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். சம்பந்தி வீட்டுக்கும் எனக்கும் மட்டும் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

அந்த முடிவில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் அவள் முதல் தடவை உண்டானபோது எனக்கு உடனே சொன்னார்கள். நான் ஷிப்ட் மாறுவதற்குள் செக்‌ஷன் முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டேன். கேன்டீனில் சொன்னேன், எங்கள் பிளாக்கில் சொன்னேன், பால் ஊற்றுகிறவரிடமும் சொன்னேன். அந்தக் கரு தங்கவில்லை. அதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் பிறகு பல மாதங்கள், ‘பொண்ணு எப்படிங்க இருக்கு, எத்தனாவது மாசம்?’ என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மார்க்கெட்டில் காய் வாங்கப் போன இடத்தில்கூட என் மனைவி பதில் சொன்னாள். ஒருநாள் பையோடு திரும்பி வந்து, காய் எதுவும் வாங்காமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தடவை மூன்று மாதம் முழுசாக முடிகிற வரைக்கும் என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆக, மகள் இருமலோடு வந்து லேப்டாப்பை விரித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். இருமல் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பினேன். அவள் முகம் வெளுத்திருந்ததற்குச் சென்னைத் தண்ணீரைக் குறை சொன்னேன். சாப்பாட்டைப் பார்த்தாலே எழுந்து போனதற்கு ஹோட்டல் சாப்பாட்டுப் பழக்கம் என்றேன். ஒரு தகப்பனுக்கு வேண்டிய எல்லாத் தடயங்களும் என் முன்னால் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் பிரமாதமான விளக்கம் வைத்திருந்தேன்.

அந்த வாரம் என் மனைவியின் அண்ணன் சேத்தியாத்தோப்பில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அவள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டாள். மகளுக்கு அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாள். நான் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அதுக்கு வெந்நீ மட்டும் வெச்சிக் குடுங்க. வேற ஒன்னும் நீங்களா செய்ய வாணாம்.”

என் கை வைத்தியத்தின் மேல் அவளுக்கு என்றும் நம்பிக்கை இருந்ததில்லை. இதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டேன். இலையைப் பற்றி மகளிடம் தனியாகச் சொல்லிவைக்க நினைத்ததாகவும், பஸ் வந்துவிட்ட அவசரத்தில் மறந்துபோனதாகவும் பிறகு சொன்னாள். அதைச் சொல்லி அவள் அழுததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பஸ் வளைவு திரும்பியிருக்காது, நான் வேலிக்குப் போய்விட்டேன். கொழுந்தும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் நடுத்தர இலையாகப் பார்த்துப் பறித்தேன். கழுவி, நரம்பு நீக்கி, நறுக்கி, மிளகு தட்டிப் போட்டுச் சுண்ட வைத்தேன். சுரங்கத்தில் ஒரு வேலையை நான் அவ்வளவு கவனமாகச் செய்து பல வருடங்கள் இருக்கும். டம்ளரை நீட்டியபோது மகள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கசப்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“இது யாருக்கு வேணா குடுக்கலாமாப்பா?” என்று கேட்டாள்.

“பச்சைக் குழந்தைக்கே குடுக்கலாம்மா” என்றேன்.

குடித்துவிட்டாள். சனிக்கிழமையும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். கீழே ஊற்றிவிடுவாள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு, சின்ன வயதில் சிரப்பை வாஷ்பேசினில் ஊற்றியவள் அவள். இருமல் குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. அதை இப்போதும் நான் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த இலை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. எல்லா வேலையையும் செய்தது.

ஞாயிறு காலை நான் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மகள் பாத்ரூமிலிருந்து வந்து படுத்துக்கொண்டாள். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். நான் போகவில்லை. கட்டியிருந்த சளி இளகி வயிற்றுக்கு இறங்கியிருக்கிறது, அதுதான் இந்த வலி என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கிவிட்டு இன்னொரு டம்ளர் வைக்கப் போனேன், இந்த முறை தேன் கொஞ்சம் கூடுதலாக. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவுக்குப் போன் செய்து மெதுவாகப் பேசுவது கேட்டது. விசேஷ வீட்டுக் கதையை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கஷாயம் சுண்டி, வடிகட்டி, ஆறுவதற்காக மேடையில் வைத்திருந்தேன். மகள் தூங்கிவிட்டாள் போலிருந்ததால் எழுப்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யோசனையோடு நடந்துகொண்டேன் என்று பிறகு என்னை நானே பலமுறை தேற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் வாசலில் கார் சத்தம். அண்ணன் வீட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள், கரண்டியை யார் கையிலோ கொடுத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்து வந்திருந்தாள். பட்டுப்புடவையில் சாம்பார் தெறித்திருந்தது. நேராக மகளின் அறைக்குப் போனவள், சமையலறை வழியில் நின்றுவிட்டாள். வாசனை.

“இது யாருக்கு?”

“பாப்பாவுக்குத்தான். இருமல் பாதி குறைஞ்சிடுச்சு.”

“எப்பலேர்ந்து குடுத்துகினு இருக்கீங்க?”

சொன்னேன். பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். அவள் டம்ளரை எடுத்து முகர்ந்தாள். பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க ஊர்ல இத மாசம் ஆனவங்களுக்கு வலி வர்றதுக்கு வெச்சிக் குடுப்பாங்க. வயித்துல இருக்கறது எறங்கறதுக்கு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?” என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

“அது முழுவாம இருக்குதுங்க” என்றாள்.

இந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது இப்படித்தான். தாத்தா ஆகப் போகிறேன் என்பதும், ஆகாமல் போகலாம் என்பதும், அப்படிப் போனால் அதற்கு எந்தச் செடி காரணம் என்பதும் ஒரே நேரத்தில்.

என் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். எங்கள் ஊரில் இது இருமல் தழை. அவளுடைய ஊரில் இது பிரசவத் தழையும்கூட. இந்த டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருக்கிறோம். ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம், ஒரே சங்குக்கு எழுந்திருக்கிறோம். நானும் அவளும் ஒரே வீட்டில் ஒரே வேலிக்கு உள்ளே ஆண்டுக்கணக்காக வாழ்ந்துவிட்டோம். அந்தச் செடிக்கு உன் ஊரில் என்ன வேலை என்று நான் ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. கேட்டில் நின்று அவள் பெண்களிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தது, ‘யாருக்கு இலை, முழுகாம இருக்கறவங்க யாரும் இல்லியே’ என்பதுதான்.

அதே காரில் மூவரும் கிளம்பினோம். வடலூர் போகிற வழியில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. மகளுக்குக் காலையிலிருந்து லேசாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது என்பது காரில்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்ததால். மகள் பின் சீட்டில் அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போதெல்லாம் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் ஒரு கட்டத்தில் “சார், நான் வேணா எறங்கிக்கறேன், நீங்க ஓட்டுறீங்களா?” என்று கேட்டார்.

ஸ்கேன் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். “சார், அந்த ஆடாதொட வேலி உங்க வூடுதான? எங்க மாமியாருக்கு இருமல்னா உங்க வூட்டுத் தழைதான் சார். கைமேல கேக்கும்” என்றார். ஆமாம் என்றேன். அவர் என்னிடம் இன்னும் ஏதோ நன்றி சொன்னார். எனக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. என் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கதவு திறந்து என் மனைவி வெளியே வந்தாள். இதயத்துடிப்பு இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், திரும்ப உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை வேளை. நான் செய்முறையைச் சொன்னேன், நரம்பு நீக்கியது உட்பட. அந்தச் செடி கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது என்றார். ரத்தம் பட்டது அதனால்தானா என்று கேட்டேன். “இருக்கலாம். சும்மாவே சிலருக்கு இந்த மாசத்துல இப்படிப் படும். நான் எப்படிங்க அடிச்சுச் சொல்றது?” என்றார். குற்றவாளி என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப் போவதும் இல்லை.

படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மகள் எங்கள் வீட்டிலேயே படுத்திருந்தாள். அவளிடம் ஒருநாள் கேட்டேன், மாசமாக இருப்பது உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏன் குடித்தாய் என்று.

“நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்கப்பா” என்றாள். “வேணாம்னா ஏன்னு கேப்பீங்க. சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. பச்சைக் குழந்தைக்கே குடுக்கலாம்னு வேற சொன்னீங்க.”

மூன்று காரணங்களும் சரியானவை. அன்பினால் சொல்லாமல் இருந்தார்கள், அன்பினால் கொடுத்தேன், அன்பினால் குடித்தாள். எங்கள் வீட்டில் அந்த வாரம் அன்புக்குக் குறைவே இல்லை.

வேலியை வெட்டிவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை, அப்புறம் ஆடு வரும் என்றாள். கர்ப்பிணிகள் பறிக்க வேண்டாம் என்று ஒரு போர்டு வைக்கலாம் என்றேன். யாருக்கு என்ன ஆச்சு என்று பிளாக் முழுக்கக் கேட்கும் என்றாள். எனவே பெண்கள் வரும்போது அவள் வீட்டில் இல்லை என்றால் நானே கேட்க வேண்டியதாயிற்று. ஐம்பத்தைந்து வயது ஆண் கேட்டில் நின்று ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘இலை யாருக்குங்க?’ என்று ஆரம்பிப்பேன். ஒரு அம்மா, “ஏன் சார், ரேஷன் கார்டு பாத்துதான் குடுப்பீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன் அடித்தால் இப்போதும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன். மகள் உடம்பு தேறிச் சென்னைக்குத் திரும்பிய பிறகு இது இன்னும் மோசம். அவள் வெறுமனே ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்று கேட்பதற்குக் கூப்பிட்டிருப்பாள், நான் முதலில் அவள் குரலின் நிறத்தைப் பார்ப்பேன்.

மூன்று மாதம் முடிந்தது. இன்னும் சில நாள் போகட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு, மாப்பிள்ளை தன் வீட்டில் சொன்னார். இனி விழுப்புரத்திலிருந்து சம்பந்தியம்மா முறைப்படி எனக்குப் போன் செய்து நல்ல செய்தி சொல்வார். எனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. பெண் வீட்டாருக்கு மட்டும் முதலில் சொல்லிவிட்டு எங்களுக்கு மறைத்தீர்களா என்று வந்துவிடும். கஷாயக் கதை வாயிலிருந்து வரவே கூடாது. என் மனைவி என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். ‘அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்ல வேண்டும். சொன்னேன். யாருக்கோ இரங்கல் சொல்வது போல இருக்கிறது என்றாள். திரும்பச் சொன்னேன். அதற்கு முதல் தடவையே பரவாயில்லை என்றாள்.

போன் வந்தது. சம்பந்தியம்மா நல்ல மனுஷி, எதையும் சுற்றி வளைக்காதவர். “சம்பந்தி, நீங்க தாத்தா ஆவப் போறீங்க” என்றார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தேடினேன், வரவில்லை. அதற்குப் பதில் அழுகை வந்தது. காரிலும் கிளினிக்கிலும் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவர்தான் தேற்றினார். “போன தபா அப்படி ஆச்சே, நாங்களும் அதான் பயந்துகினு இருந்தோம். அழுவாதீங்க சம்பந்தி, சந்தோஷமான சேதி” என்றார். என் மனைவி எதிரே நின்று, போதும் போதும் என்று கையைக் காட்டினாள். இவ்வளவு நன்றாக நான் நடிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு சம்பந்தியம்மா பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். மருமகளுக்கு லேசாக இருமல் திரும்ப இருக்கிறதாம். அவரும் என் வாய்ஸ் மெசேஜைக் கொரோனா காலத்திலேயே கேட்டவர். ஊரிலிருந்து ஆடாதொடையை வேரோடு பிடுங்கி வரச் சொல்லியிருக்கிறார், நாளை சென்னைக்குப் போய்த் தன் கையாலேயே வைத்துக் கொடுக்கப் போகிறார். தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொள்ளத்தான் இப்போது பேச்சு.

“வேணாம்ங்க” என்றேன். கத்தியிருப்பேன் போல, என் மனைவி போனைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. “மாசமா இருக்கறவங்களுக்கு அது ஆகாதுங்க. கலைஞ்சிடும். ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க.”



“அய்யய்யோ” என்றார் சம்பந்தியம்மா மெதுவாக. “எனக்குத் தெரியாதுங்களே. இருமலுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன். நல்லவேள உங்கள கேட்டேன். இதுக்குதான் படிச்சவங்க வேணும்கறது.”

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். ‘இதில் என்னங்க இருக்கு’ என்று சொல்லி நான் அதை வாங்கிக்கொண்டேன்.